கடை வச்சிருக்கறவங்களுக்கும் பென்ஷன்: யார் இந்த வில்லியம் பெவரிட்ஜ்?

சம்பளத்துக்கு வேலை பார்த்தால் பென்ஷனுக்கு முதலாளியும் ஒரு பங்கு கட்டுவார். கடைக்காரர், தையல்காரர், தச்சர் எல்லாம் வயசான பிறகு என்ன செய்வாங்க? இந்தக் கேள்விக்கு பிரிட்டனில் 80 வருஷத்துக்கு முன்னாடியே பதில் எழுதியவர் வில்லியம் பெவரிட்ஜ்.

ரங்பூர் டூ லண்டன்

1879-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூரில் பிறந்தார். அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி. ஆக்ஸ்போர்டில் படித்து முடித்து, 1903-ல் கிழக்கு லண்டனின் டாயின்பீ ஹாலில் பணியில் சேர்ந்தார். வேலை கிடைக்காமல் தவித்த மக்களை அங்கேதான் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு அரசு அதிகாரி. 1919 முதல் 1937 வரை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இயக்குநர்.

1942 அறிக்கை என்ன சொன்னது?

அப்போது காப்பீட்டில் இருந்த தொழிலாளிக்கு 65 வயதில் பென்ஷன். சொந்தத் தொழில் செய்தவர்களில் பெரும்பாலானோர் 70 வயது வரை காத்திருக்கணும். அதுவும் வருமானம் குறைவு என்று நிரூபித்தால்தான் கிடைக்கும்.

இதை மாற்றச் சொன்னார் பெவரிட்ஜ். சொந்தத் தொழில் செய்பவர்களைத் தனிப் பிரிவாக்கி, வாரா வாரம் ஒரே அளவு தொகை கட்ட வைக்கணும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே அளவு பென்ஷன் தரணும். பணம் கட்டியதால் அது உரிமை, தர்மம் இல்லை. அரசு தருவது அடிப்படைச் செலவுக்கு மட்டும். அதுக்கு மேல வேணும்னா அவங்கவங்க சேமிச்சுக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் இல்லை

இந்தப் பிரிவினருக்கு வேலையில்லா கால உதவித்தொகை கிடையாது. கடையில் வியாபாரம் நிஜமாவே இல்லையா என்று அரசால் சரிபார்க்க முடியாது என்பதே காரணம். பதிலாக, வேறு தொழில் கற்கப் பயிற்சி உதவி தரச் சொன்னார்.

தோற்றவர், ஜெயித்த திட்டம்

1945 தேர்தலில் லிபரல் கட்சி வேட்பாளரான பெவரிட்ஜ் தோற்றார். ஆட்சிக்கு வந்த லேபர் கட்சிதான் 1946-ல் சட்டம் போட்டது. 1948 ஜூலை 5-ல் அது அமலுக்கு வந்தது. 1963-ல் பெவரிட்ஜ் காலமானார்.

இன்று?

பிரிட்டனில் இன்றும் சொந்தத் தொழில் செய்பவருக்கு அரசு பென்ஷன் உண்டு. புதிய முறையில் பொதுவாக குறைந்தது 10 வருஷக் கணக்கு இருக்கணும். முழுத் தொகைக்கு 35 வருஷம். ஆனால் முதலாளி பங்கு இல்லாததால், அதுக்கு மேல் வேண்டியதை அவங்களேதான் சேர்த்து வைக்கணும்.