தமிழில் வேதம் சொன்ன தத்துவ போதகர்

ஞாயிறு திருப்பலியில் நம் மாணவியருள் ஒருத்தி முதல் வாசகத்தைத் தமிழில் வாசிக்கிறாள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். நம் பாட்டிமார் சிறுவயதில் கண்டதோ இலத்தீன் பூசை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் தாய்மொழிக்கு வழி திறந்த பின்னரே பூசையின் மொழி தமிழாயிற்று. எனினும் அதற்கு வேண்டிய சொற்களில் பல முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாகிவிட்டன. அவற்றை ஆக்கித் தந்தவர்களில் தலையாயவர், நம் மயிலையிலேயே உயிர்நீத்த ராபர்ட் டி நொபிலி சுவாமிகள்.

1577-ல் உரோமையில் உயர்குடியில் பிறந்தார்; சேசு சபையில் சேர்ந்தார்; 1605-ல் கோவாவுக்கும் மறு ஆண்டு மதுரைக்கும் வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குருவானவர் பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மதுரை மக்கள் எவரும் மனந்திரும்பவில்லை. காரணம் புரியச் சுவாமிகளுக்கு நெடுநாள் ஆகவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேருவது என்றே மக்கள் எண்ணியிருந்தனர். செபங்களிலும் ஞான உபதேசத்திலும் போர்த்துக்கீசியச் சொற்களே மிகுந்திருந்தன. பூசையைக் குறிக்க வழங்கிய சொல்லோ தமிழர் காதில் மீசை என்று விழுந்ததாம்! சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் மறைக்கல்வி கேட்க வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தடை!

சுவாமிகள் காவி உடுத்தார், புலால் நீக்கினார். தமிழும் தெலுங்கும் கற்று, சிவதர்மர் என்ற பண்டிதரிடம் வடமொழியும் பயின்றார். கோவில், குரு, அருள், பூசை, வேதம் என்னும் சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் நிலைநிறுத்தினார். இவற்றுள் வேதம் என்ற சொல்லே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. இறைவன் அருளிய வாக்கு என்று கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் எழுந்த சொல் அது. இன்றும் கிராமங்களில் நம் ஆலயத்தை வேதக்கோயில் என்று அழைப்பதைக் கேட்கிறோம்.

அவர் விவிலியத்தை மொழிபெயர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் விசுவாசிகளுக்கு மறைநூல் பெரும்பாலும் உபதேசம் வழியாகவே வந்தது. ஆகவே உலகப் படைப்பு முதல் மீட்பு வரை விரித்துரைக்கும் ஞானோபதேசத்தைத் தமிழ் உரைநடையில் எழுதினார். தமிழ் உரைநடை இளம்பருவத்தில் இருந்த காலம் அது.

பகை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்ததால், விசுவாசத்தையே விற்றுவிட்டார் என்று சொந்தச் சபையினரே குற்றஞ்சாட்டினர். 1619-ல் கோவாவில் கூடிய மன்றத்தின் முன் நின்று வாதாடினார். 1623-ல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அதுவரை அவர் பட்ட மனவேதனை கொஞ்சமல்ல. ஆனால் சாதி வேற்றுமையை அவர் ஏற்றுக்கொண்டு பணிசெய்த முறை இன்று நமக்கு உறுத்துகிறது. அந்த வேற்றுமை திருச்சபையைப் பின்னும் நெடுங்காலம் வாட்டியது.

1640-ல் மதுரையில் சிறை. பிறகு யாழ்ப்பாணம். இறுதியில், கண்பார்வை குன்றிய முதியவராக, மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். சாந்தோம் கடற்கரையில் அன்று போர்த்துக்கீசியர் நகரம் இருந்தது. அங்கும் அவர் துறவி வாழ்வை விடவில்லை. தம் நூல்களைச் சீர்செய்வதிலேயே கருத்தாயிருந்தார். 1656 ஜனவரி 16-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் நூல்கள் பலவற்றைச் சேசு சபைக் குரு ச. இராசமாணிக்கம் 1960-களில் தேடிப் பதிப்பித்தார். அதே ஆண்டுகளில்தான் நம் ஆலயங்களில் தமிழ்த் திருப்பலி தொடங்கியது.