சிட்டுக்குருவி காட்டிய வழி

நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை நாம் ஒரு நாளேனும் நின்று பார்த்ததுண்டா? சிறுவன் ஒருவன் பார்த்தான். அந்தப் பார்வையே பின்னாளில் அவனை இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் போற்றச் செய்தது. அவர்தான் டாக்டர் சலீம் அலி.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வீட்டின் கடைக்குட்டி. மூன்று வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்த அவரை, தாய்மாமா அமிருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். மாமா வேட்டைப் பிரியர். மருமகனும் விளையாட்டுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுடுவான். ஒரு நாள் அவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அவனை அனுப்பி வைத்தார். சங்கத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டு துரை, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். சிறுவனின் கண்கள் திறந்தன.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். பர்மாவில் அண்ணனுடன் செய்த தொழிலும் கைகொடுக்கவில்லை. அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. விடுப்பெடுத்து 1929-இல் ஜெர்மனி சென்று பறவையியல் கற்றுத் திரும்பியபோது, பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்! அவர் சோர்ந்து விடவில்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண் குருவி வந்து சோதிக்கும், பிடித்தால்தான் குடியேறும். பிறகு ஆண் குருவி இன்னொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும். இதை உலகுக்கு விளக்கிய கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது.

தூக்கணாங்குருவி இனத்திலேயே ஓர் அரிய பறவை உண்டு. அதன் பெயர் ஃபின் தூக்கணாங்குருவி. 1866-இல் இமயமலை அடிவாரத்தில் காலாதுங்கி என்னும் ஊரருகே அதைக் கண்டவர் ஹியூம். ஆம் தோழியரே, 1885-இல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கிய அதே ஹியூம்தான்! பிறகு நெடுங்காலம் அப்பக்கத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. சலீம் அலி அதைத் தேடி 1930-களில் குமாவோன் தராய்க்குச் சென்றார். ஆள் உயரப் புல்லும் சதுப்பும் கொசுவும் நிறைந்த நிலம் அது. கூடு கட்டும் பருவத்தில்தான் ஆண் குருவி பொன்னிறம் கொள்ளும். மற்றக் காலங்களில் மங்கிய பழுப்பு நிறமாகிவிடும்; இனம் காண்பது கடினம். ஒரு முறை தேடியதோடு அவர் விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அப்பறவை குமாவோனில் மீண்டும் கண்டறியப்பட்டது. குரூக் என்ற அறிஞருடன் சேர்ந்து அதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1959-இல் எழுதினார்.

எல்லாத் தேடலும் அப்படி முடியவில்லை. 1876-இல் நைனிடால் அருகே கடைசியாகக் கிடைத்த இமயமலைக் காடையையும் அவர் தேடினார். அது அகப்படவே இல்லை. அதன் பிறகு இன்றுவரை உறுதியாக அதைக் கண்டவர் எவருமில்லை. பறவையைச் சுட்டுத் தொடங்கிய அவர் வாழ்வு, பறவையைக் காப்பதில் நிறைந்ததற்கு இத்தகைய இழப்புகளும் காரணம் அல்லவா?

1939-இல் அன்பு மனைவியை இழந்த துயரிலும் பணியை நிறுத்தவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பின்னர் ரிப்ளி என்பவருடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள் எழுதினார். நம் கோடியக்கரையில் அவருடைய சங்கத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தனர். பரத்பூர் ஏரிக்காகவும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்காகவும் வாதாடினார். 1976-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தையும் இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1987 ஜூன் 20 அன்று, தொண்ணூறு வயதில் மறைந்தார். 1990-இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் நிறுவப்பட்டது.

தோழியரே, கிடைத்த பறவையால் மட்டும் அவர் பெரியவராகவில்லை. கிடைக்காத பறவையையும் சலிக்காமல் தேடியதால் பெரியவரானார். தேர்விலோ வாழ்விலோ ஒரு முறை தோற்றதும் நாம் துவண்டு போகிறோம். அப்போது தராய்ப் புல்வெளியில் கொசுக்கடிக்கு நடுவே அண்ணாந்து நின்ற அந்த மெலிந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். நாளைக் காலை சன்னலில் வந்து அமரும் குருவியை விரட்டாமல் சிறிது நேரம் பார்ப்போம். அவருடைய வழியும் அங்கிருந்துதானே தொடங்கியது!

— பத்தாம் வகுப்பு மாணவி