மீசை வைத்த அம்மா

ஆசிரியர் கதை சொல்லி முடிக்கிறார். உடனே, கதைமாந்தர் யாவர், கதை நிகழும் இடம் எது, கதையின் சிக்கல் யாது, உணர்த்தும் நீதி யாது என வினாக்கள் தொடர்கின்றன. சற்று முன்புவரை வாய் பிளந்து கேட்டிருந்த குழந்தைகள் தலைகுனிந்து அமர்ந்துவிடுகின்றனர். கடம்பத்தூர் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் கற்பித்த நாள்களில் நானும் இப்பிழையைச் செய்ததுண்டு. கதையின் கூறுகளைக் குழந்தை அறிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வழியில் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்கா.

கிஜுபாய் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். 1907இல் பொருளீட்டக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். திரும்பி வந்து, சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அச்சமூட்டும் பள்ளிக்கு அவனை அனுப்ப அவருக்கு மனமில்லை. குழந்தை வளர்ப்புப் பற்றித் தேடிப் படித்தபோது, இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறை அவருக்கு அறிமுகமாயிற்று. வழக்கறிஞர் தொழிலை விடுத்து, 1916இல் பாவநகரிலுள்ள தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு 1920இல் சிறு குழந்தைகளுக்கெனப் ‘பால மந்திர்’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். அடர்ந்த மீசையுடைய அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்னும் பொருள்படும் குஜராத்திப் பெயரால் மக்கள் அழைத்தனர். வழக்குமன்றத்தில் கிடைத்த எப்பெயரையும்விட இப்பெயரே நிலைத்தது.

கற்பனைக் கதைகளை மிக இளம் குழந்தைகளுக்குச் சொல்வதில் மாண்டிசோரி அம்மையாருக்கு உடன்பாடு இல்லை. நனவையும் கற்பனையையும் பிரித்தறியும் முன்பே அவற்றைக் கலந்து ஊட்டலாகாது என்பது அவர் கருத்து. கிஜுபாய் அவரைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் இந்த ஓரிடத்தில் வேறு வழி சென்றார். பாட்டியின் மடியிலேயே கதை கேட்டு வளரும் நாட்டில், கதையை வாசலில் நிறுத்திவிட்டுப் பள்ளி நடத்த இயலாது என்று கண்டார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார், குழந்தைகளுக்காக எழுதினார், கதை சொல்லும் கலைபற்றி ‘வார்த்தானு சாஸ்திரம்’ என்னும் நூலையும் இயற்றினார். எந்த அகவைக்கு எக்கதை, எவ்வாறு சொல்வது என்பனவெல்லாம் அதில் ஆராயப்படுகின்றன. ஓர் ஆசிரியர் கதைசொல்லலை இத்துணைக் கருத்தூன்றி ஆராய்ந்தது அக்காலத்தில் அரிது.

அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. ஓராண்டுக் காலம் நான்காம் வகுப்பைத் தம் விருப்பப்படி நடத்த இசைவு பெறும் ஓர் ஆசிரியரின் கதை அது. முதல் நாள் ஆசிரியர் தோற்றுப்போகிறார். அமைதி விளையாட்டு நடத்த முயல்கிறார், பிள்ளைகளோ கூச்சலிடுகின்றனர். மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்கியதும் அதே வகுப்பு அடங்கிவிடுகிறது. கதை பல நாள் நீள்கிறது. பாடம் என்னவாயிற்று என்று மேலோர் வினவுகின்றனர். ஆசிரியர் அசையவில்லை. பாடநூலுக்கான பணத்தில் கதைநூல்கள் வாங்கி வகுப்பில் நூலகம் அமைக்கிறார். கேட்ட கதைகளைப் பிள்ளைகள் உரையாடலை மனப்பாடம் செய்யாமலே நடிக்கின்றனர்.

கதையின் கூறுகள் குழந்தைக்குப் புலப்படும் இடம் இந்த நடிப்பே. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். நடிக்க எழுந்த குழந்தைகள் முதலில், யார் பாட்டி, யார் காகம், யார் நரி என்று சண்டையிடுவர். கதைமாந்தர் அங்கே தெளிவாகின்றனர். அடுப்பு எங்கே, மரம் எங்கே என்று மூலை பிரிப்பர், அது களம். மரமாக நிற்பதற்கும் ஒருவன் கிடைத்துவிடுவான். வடையாக இருக்கத்தான் ஆள் கிடைப்பது கடினம்! நரியாக வேண்டிய சிறுவன் அன்று பள்ளிக்கு வரவில்லையெனில், வடையைக் கவ்விய காகம் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், கதை நகராது. நரி வந்தால்தான் சிக்கல் பிறக்கிறது என்பதை எவரும் சொல்லாமலே அவர்கள் அறிந்துகொள்வர். கலைச்சொற்களைப் பின்னர்க் கற்பித்தால் போதும். அப்போது அவை ஏற்கெனவே அறிந்த பொருளுக்கு இட்ட பெயராக அமையும்.

கதையின் முடிவில் நீதியை ஒட்டவைப்பதைக் கிஜுபாய் விரும்பவில்லை. சுவைத்துக் கேட்ட கதை தன் வேலையைத் தானே செய்யும் என்று நம்பினார். நீதிநூல் மரபில் வளர்ந்த நமக்கு இது சற்று நெருடலாகவே இருக்கும். எனினும் நீதி கேட்கப்பட்ட வகுப்பின் முகங்களைக் கண்டவர்கள் அவர் பக்கமே சாய்வர்.

1926இல் தாராபாய் மோதக் அம்மையாருடன் இணைந்து ‘நூதன பால சிட்சண சங்கம்’ என்னும் அமைப்பை உருவாக்கி, இளங்குழந்தைக் கல்வியைப் பிற பகுதிகளுக்கும் கொண்டுசென்றார். 1939 ஜூன் 23ஆம் நாள் கிஜுபாய் மறைந்தார். மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பர் மாதத்தில்.