கூட்டுறவு கண்ட ரைஃபைசன்

வயல் உண்டு, உழைக்கக் கையும் உண்டு, விதை வாங்கக் காசு மட்டும் இல்லை. கடன் கேட்டால் ஈடு கேட்கிறார்கள். ஈடு வைத்தால் நிலம் போகிறது. உழவன் வாழும் நாடெல்லாம் இந்தக் கதை ஒன்றுதான். இதற்கு மருந்து தேடியவர்களுள் ஒருவர் பொருளாதாரம் படித்தவர் அல்லர். பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரும் அல்லர். கண் பார்வை மங்கியதால் பட்டாளத்தை விட்டு வெளியேறி, சிற்றூர்களுக்குத் தலைவராக வந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் அவர்.

1818 மார்ச் 30 அன்று, ஜெர்மனியின் சீக் நதிக்கரையில் உள்ள ஹாம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் ஏழாமவர். தந்தையின் துணை இளமையிலேயே இல்லாமற் போயிற்று. தாய் வளர்த்தார், ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். மேற்படிப்புக்குப் பணம் இல்லை. எனவே பதினேழாம் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கே நல்ல பெயர் எடுத்துவந்த நேரத்தில் கண்நோய் வந்தது. 1843இல் பட்டாளத்தை விட்டு ஆட்சித் துறைக்கு வந்தார். 1845இல் வையர்புஷ் என்னும் வட்டாரத்துக்குத் தலைவரானார்.

இந்தத் தலைவர் பதவி எத்தகையது? பல சிற்றூர்களை ஒன்றாகக் கட்டி, அவற்றின் மேல் அரசு ஒருவரை அமர்த்தும். நம் பஞ்சாயத்துத் தலைவரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் கணக்குப்பிள்ளையையும் ஒருவராக்கினால் எப்படியோ அப்படி. வேலை நிறைய, அதிகாரம் கொஞ்சம், பணம் அறவே இல்லை. வெஸ்டர்வால்டு மலைநாடு குளிர் மிகுந்தது. மண் வளம் குறைந்தது. விளைந்ததை விற்க நல்ல சாலை கூடக் கிடையாது. ரைஃபைசன் பள்ளிகள் கட்டினார். ரைன் நதிக்கரை நகரமான நாய்வீட்டை நோக்கிச் சாலை அமைக்கப் பாடுபட்டார். சந்தைக்குப் போக வழி இல்லாத ஊருக்கு வேறு எதைச் செய்தாலும் பயனில்லை என்று கண்டுகொண்டவர் அவர். இன்று அவ்வழி அவர் பெயராலேயே வழங்குகிறது.

1846இல் விளைச்சல் பொய்த்தது. குளிர்காலம் வந்ததும் பஞ்சம் வந்தது. அரசிடம் தானியம் கேட்டார். அரசும் கொடுத்தது, ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்கே மாவு தரவேண்டும் என்று கட்டளையிட்டது. கையில் ரொக்கம் உள்ளவன் ஏன் பட்டினி கிடக்கப் போகிறான்? இந்தச் சிறிய கேள்வி மேலிடத்துக்குத் தோன்றவில்லை. ரைஃபைசனுக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வயது இளைஞர், பதவிக்கு வந்து இரண்டாண்டு கூட ஆகவில்லை. கட்டளையை மீறி மாவைக் கடனுக்குக் கொடுத்தார். ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டினார். பொது அடுப்பு ஒன்று கட்டி ரொட்டி சுட்டு, சந்தை விலையினும் மிகக் குறைத்துக் கொடுத்தார். வேலை போயிருந்தால் அவர் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்கிறோம். அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

1848இல் பிளாமர்ஸ்பெல்டு வட்டாரத்துக்கு மாற்றம். அங்கே பஞ்சத்தைவிடக் கொடிய பகை ஒன்று இருந்தது: மாட்டுக் கடன். நம் ஊர்களில் மாட்டை வாரத்துக்கு விடுவது போன்ற ஏற்பாடுதான். ஆனால் வட்டி கழுத்தை நெரிக்கும். மாடும் போய், பின்னாலேயே நிலமும் போகும். 1849இல் வசதி படைத்த அறுபது பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் கண்டார். சங்கம் மாடு வாங்கிக் கொடுக்கும். உழவன் ஐந்தாண்டுத் தவணையில் திருப்பித் தருவான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கால்நடை வணிகத்திலும் வட்டித் தொழிலிலும் யூதர் பலர் இருந்தனர். வட்டிக் கொடுமையைச் சாடிய ரைஃபைசன், பிற்காலத்தில் அம்மக்களையே பழித்து எழுதியதும் உண்டு. போற்றத்தக்க ஒருவரிடம் இதைக் காண மனம் நோகிறது. அக்காலத்தில் பலரும் அப்படி எழுதினர் என்பது விளக்கம் ஆகலாம், மன்னிப்பு ஆகாது.

1852இல் ஹெட்டெஸ்டார்புக்கு வந்தார். 1854இல் அங்கும் ஓர் அறச்சங்கம். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்ப்பது, வேலையற்றவருக்கு வேலை தேடுவது, நூல்நிலையம் வைப்பது, உழவருக்குக் கடன் தருவது எல்லாம் அதன் பணிகள். இங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. செல்வர்கள் முதலாண்டு ஆர்வமாக வந்தார்கள், பிறகு களைத்தார்கள். கடன் பெறுபவர் ஒருபுறம், கடனுக்குப் பொறுப்பேற்பவர் மறுபுறம் என்றிருந்தால், பொறுப்பேற்பவர் எத்தனை நாள் பொறுப்பார்? ரைஃபைசன் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ளவர். ஈகை ஒன்றே ஏழ்மைக்கு மருந்து என்று பதினைந்தாண்டு நம்பியவர். அந்த நம்பிக்கையைத் தாமே திருத்திக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. நகரத்துக் கைவினைஞருக்குக் கடன் சங்கங்கள் கண்ட ஷுல்ட்சே டெலிட்ச் என்பவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1864இல் பழைய சங்கத்தை மாற்றிக் கடன் சங்கம் ஆக்கினார். கடன் வேண்டுபவன் முதலில் உறுப்பினன் ஆகவேண்டும் என்பது புதிய விதி. அன்றுமுதல் உழவன் இரப்பவன் அல்லன், பங்காளி.

அவர் வகுத்த முறையை நம் விடுதி வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம். மாதக் கடைசியில் கைமாற்று வாங்காத மாணவர் நம்மில் எவர்? பக்கத்து அறை நண்பன் ஈடு கேட்பதில்லை. நம்மை அவன் அறிவான்; நாம் ஓடிப்போக முடியாது என்பதையும் அறிவான்! ரைஃபைசன் சங்கத்தின் அடிப்படை இதுவே. சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அளவே. அதற்குள் ஒருவர் குணம் மற்றவருக்குத் தெரியும். தனித்தனியே எந்த உழவனையும் நகரத்து முதலாளி நம்பமாட்டான். ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் வரம்பின்றிப் பொறுப்பேற்றால் நம்புவான். பயன்தரும் செலவுக்கே கடன். கணக்கர் தவிர எவருக்கும் சம்பளம் இல்லை. வரும் இலாபத்தைப் பங்கிடாமல் பொது நிதியாக்கி ஊருக்கே வைத்தார்கள்.

ஷுல்ட்சேவுக்கு இது பிடிக்கவில்லை. உறுப்பினர் பங்குப் பணம் போடவேண்டும், கடன் சில மாதங்களுக்குள் திரும்பவேண்டும் என்பது அவர் கொள்கை. நகரத்துத் தச்சனுக்கு அது பொருந்தும். விதைத்தவன் அறுவடைவரை காத்திருக்க வேண்டாவா? இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஓர் ஊரில் பணம் மிஞ்சும்போது வேறோர் ஊரில் விதைக்குப் பணம் வேண்டியிருக்கும். ஊர்ச் சங்கங்களை இணைக்கும் நடுவண் வங்கி ஒன்று இருந்தால் அது இங்கிருந்து அங்கே பாயும். இவ்வாறு எண்ணி 1872இல் நாய்வீட்டில் ஒரு வங்கி கண்டார். அதன் அமைப்பு சட்டத்துக்குப் பொருந்தாது என்று ஷுல்ட்சே நாடாளுமன்றம்வரை கொண்டுசென்றார். ரைஃபைசன் தளரவில்லை, 1876இல் அதே பணிக்குப் பங்குக் கம்பெனியாகவே வேறொன்று நிறுவினார்.

இத்தனையும் எந்த நிலையில் செய்தார் தெரியுமா? 1863இல் மனைவி எமிலி மறைந்தார். இரண்டாண்டில் பார்வை ஏறக்குறைய முற்றும் போய், நாற்பத்தேழாம் வயதில் பதவியும் போயிற்று. ஓய்வூதியம் போதவில்லை. சுருட்டுத் தொழிற்சாலை வைத்துப் பார்த்தார். பின் திராட்சை மது வணிகம் செய்தார். ஊருக்கெல்லாம் கடன் வழி சொன்னவர் தம் வீட்டுச் செலவுக்கு இப்படி அலைந்தார். 1866இல் வெளிவந்த அவர் நூல்தான் சங்கங்களை நாடெங்கும் பரப்பியது. கடிதங்களைப் படித்துக் காட்டியவர், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மூத்த மகள் அமலி. அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. கூட்டுறவு வரலாற்று நூல்களில் இந்தப் பெண்ணுக்கு ஒரு பத்தியேனும் தருபவர் குறைவு.

1888 மார்ச் 11 அன்று, எழுபது நிறையச் சில நாட்களே இருக்கையில் ரைஃபைசன் மறைந்தார். அப்போது நானூற்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன.

நான்காண்டு கழித்து, 1892இல் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இம்முறைகளை ஆராய ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கோயம்புத்தூர் மாவட்ட விவர நூலை எழுதியவர் அவர். நம் குடியானவரின் கடன் சுமையை அறிந்தவர். 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வந்த அவர் அறிக்கையின் சாரம், முதலில் ஒரு ரைஃபைசனைத் தேடுங்கள் என்பதே. 1904இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவாயிற்று. சட்டத்தையும் பதிவாளரையும் அரசால் தர முடிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1954இல் அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு கணக்கெடுத்துச் சொன்னபோது, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3.1 பங்கு. மிகப் பெரும்பகுதி அப்போதும் வட்டிக்கடைக்காரரிடமிருந்தே வந்துகொண்டிருந்தது.