கிளாடியஸ் புக்கானன்

கிளாடியஸ் புக்கானன் (மார்ச் 12, 1766 - பெப்ரவரி 9, 1815) ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவும் கல்வியாளரும் நூலாசிரியரும் ஆவார். ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சமயகுருவாக வங்காளத்தில் பணியாற்றினார். கல்கத்தாவிலிருந்த வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத் தலைவராகவும் இருந்தார். 1806 இல் தமிழகம், யாழ்ப்பாணம், திருவிதாங்கூர், கொச்சி ஆகிய பகுதிகளுக்கு இவர் மேற்கொண்ட பயணம் குறிப்பிடத்தக்கது. அப்பயணத்தில் கொச்சி யூதர்களைச் சந்தித்த பின், யூத மக்களின் நலனுக்காகவும் அவர்கள் தாயகம் திரும்புவதற்காகவும் கிறித்தவர்கள் இறைவனிடம் மன்றாட வேண்டும் என்ற கருத்தை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் ஒருவரானார்.

இவரை, இதே காலத்தில் தென்னிந்தியாவில் பயணம் செய்து மைசூர், மலபார் பகுதிகளைப் பற்றி எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் என்பவருடன் குழப்பிக்கொள்ளலாகாது.

இளமை

புக்கானன் கிளாஸ்கோ நகருக்கு அண்மையிலுள்ள கேம்பஸ்லாங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சில காலம் பயின்றார். 1787 இல், பெரிய மனிதர் ஒருவருடன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் செல்வதாகப் பெற்றோரிடம் கூறிவிட்டு வீட்டை விட்டு வெளியேறினார். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. வயலின் வாசித்துக் கிடைத்த பொருளைக் கொண்டு வழிச்செலவைச் சமாளிக்கலாம் என்பதே அவரது எண்ணம். ஆயினும் அவர் இலண்டனைத் தாண்டவில்லை. அங்கே வறுமையில் உழன்று, பின்னர் வழக்குரைஞர் ஒருவரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். உண்மை நிலையைப் பெற்றோரிடம் பல ஆண்டுகள் மறைத்தே வந்தார்.

1790 இல் ஜோன் நியூட்டன் என்னும் குருவின் அறிமுகம் கிடைத்தது. இவர் முன்னாளில் அடிமை வணிகக் கப்பல்களின் தலைவராக இருந்து பின்னர் மனம் மாறிக் குருவானவர். நியூட்டனின் வழிகாட்டலில் புக்கானன் சமயப் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஹென்றி தோர்ன்டன் என்னும் செல்வந்தரின் பொருளுதவியால் கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியில் 1791 முதல் 1795 வரை பயின்று குருப்பட்டம் பெற்றார்.

வங்காளத்தில்

கம்பனியின் சமயகுருவாக நியமிக்கப்பட்ட புக்கானன் 1797 இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். முதலில் பாரக்பூரில் பணியாற்றினார். 1800 இல் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி, கம்பனியின் இளம் அலுவலர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்க வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவியபோது அதன் துணைத் தலைவரானார். விவிலியத்தை ஆசிய மொழிகளில் பெயர்க்கும் முயற்சிகளுக்கு அக்கல்லூரி வழியே ஆதரவு அளித்தார். எந்த மக்களுக்கும் சமயநூல் அவர்தம் மொழியிலேயே கிடைக்க வேண்டும் என்பது இவரது உறுதியான கொள்கை. பிற்காலத்தில் யூதர்களைப் பற்றி இவர் எடுத்த முடிவுகளுக்கும் இக்கொள்கையே அடிப்படையாயிற்று.

இவருடைய முதல் மனைவி மேரி, நோய் காரணமாக இங்கிலாந்து திரும்பும் வழியில் 1805 இல் கப்பலிலேயே காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில் புக்கானன் தமது தென்னகப் பயணத்தைத் தொடங்கினார்.

தென்னகப் பயணம்

1806 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவிலிருந்து தரை வழியாகப் புறப்பட்ட புக்கானன், ஒரிசாவிலுள்ள பூரி வழியாகச் சென்னை வந்தடைந்தார். ஆகஸ்ட் மாதத்தில் தரங்கம்பாடிக்குச் சென்று, தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட சீகன்பால்குவின் ஆலயத்தைப் பார்வையிட்டார். பின்னர் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னரைச் சந்தித்தார். மன்னர் தம் ஆசான் சுவார்ட்ஸ் ஐயரின் உருவப்படத்தை இவருக்குக் காட்டினார். தஞ்சையில் கோலாப் ஐயரையும் தமிழ்க் குருவான சத்தியநாதனையும் கண்டு உரையாடினார். ஆலயத்தில் தமிழ்ப் பிரசங்கம் நடந்தபோது, கேட்டிருந்தவர்கள் எழுத்தாணி கொண்டு பனையோலையில் அதைக் குறித்துக்கொண்டதை வியப்புடன் எழுதியுள்ளார்.

திருச்சிராப்பள்ளி, யாழ்ப்பாணம், மதுரை முதலிய இடங்களைப் பார்த்தபின் திருவிதாங்கூருக்குள் சென்றார். அங்கே சிரியக் கிறித்தவர்களின் ஆலயங்களைப் பார்வையிட்டார். அவர்களின் ஆயர் பழமையான சிரிய மொழி விவிலியக் கையெழுத்துப் படி ஒன்றை இவருக்கு வழங்கினார். அது இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

கொச்சி யூதர்களுடன்

புக்கானன் கொச்சிக்கு வந்தபோது அந்நகர் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. யூதர்கள் மட்டாஞ்சேரியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வாழ்ந்தனர். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்தவர்களின் வழியினர் பரதேசி யூதர் எனப்பட்டனர். அவர்களது தொழுகைக் கூடம் 1568 இல் கட்டப்பட்டது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே குடியேறியவர்கள் மலபார் யூதர். ஐரோப்பியர் இவ்விரு பிரிவினரையும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என நிறத்தால் பிரித்து எழுதினர். புக்கானனும் அச்சொற்களையே கையாண்டார். எனினும் மலபார் யூதர்களே மிகப் பழமையானவர்கள் என்பதை அவர் உணர்ந்து பதிவு செய்தார்.

யூதத் தலைவரான யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 ஆம் ஆண்டை ஒட்டி வழங்கிய செப்பேடுகளையும் அவர் கண்டார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இச்செப்பேடுகள் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவுக்குரிய 72 உரிமைகளைக் குறிப்பிடுகின்றன. தம் நாடுகளில் யூதர்கள் அடைந்த துன்பங்களை அறிந்த ஓர் ஐரோப்பியருக்கு இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாயிற்று. இங்கிலாந்திலிருந்து 1290 இல் யூதர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1753 இல் யூதருக்குக் குடியுரிமை வழங்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மக்கள் எதிர்ப்பால் விரைவிலேயே நீக்கப்பட்டது. மலையாளக் கரையிலோ ஓர் இந்து மன்னர் அவர்களுக்கு உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். புக்கானன் செப்பேடுகளின் படியைச் செம்பிலேயே பொறித்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

யூதர்கள் பழுதடைந்த சமயநூல்களை எறிவதில்லை. பெட்டிகளில் பேணி வைத்துப் பின்னர் மண்ணில் புதைப்பது அவர்களது வழக்கம். இவ்வாறு வைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் படிகள் பலவற்றைப் புக்கானன் பெற்றார். அவற்றுள் முதன்மையானது மலபார் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்றில் கிடைத்த தோராச் சுருள் ஆகும். சிவப்புச் சாயமிட்ட 37 தோல்களைத் தைத்து ஆக்கப்பட்ட இச்சுருள் ஏறத்தாழ 48 அடி நீளமுடையது. தாமஸ் யேட்ஸ் என்பவர் இதை ஐரோப்பிய எபிரேயப் பதிப்புடன் ஒப்பிட்டு 1812 இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலும் எழுத்தளவிலான சிறு வேறுபாடுகளே காணப்பட்டன. கடல் கடந்து பல நூற்றாண்டுகள் தனித்து வாழ்ந்த ஒரு சமூகம் தன் வேதத்தை இவ்வாறு காத்து வந்தது புக்கானனை ஆழமாகப் பாதித்தது.

இதைவிட வியப்பளித்தது, எபிரேய மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படி ஆகும். யூத அறிஞர் ஒருவர் கிறித்தவக் கொள்கைகளை மறுப்பதற்காகவே இதை மொழிபெயர்த்தார் என்றும், மொழிபெயர்த்து முடிக்கையில் அவரே கிறித்தவராகிவிட்டார் என்றும் புக்கானன் எழுதியுள்ளார். இக்கதையின் பிற்பகுதி அவர் செவிவழி அறிந்த செய்தியே. எனினும் கிறித்தவர்களுடன் வாதிட அவர்களது நூலை முழுமையாகக் கற்க வேண்டும் என்று யூதர்கள் எண்ணியதற்கு இப்படி ஒரு சான்றாகும்.

யூதருக்காக மன்றாடுவதற்கான காரணங்கள்

ஆங்கிலிக்கத் திருச்சபையின் 1662 ஆம் ஆண்டு பொது மன்றாட்டு நூலில் பெரிய வெள்ளி வழிபாட்டுக்குரிய வேண்டுதல் ஒன்று யூதர்களையும் குறிப்பிடுகிறது. அதில் யூதர்கள், துருக்கியர் முதலியவர்களுடன் சேர்த்து நம்பிக்கையற்றவர்களாகவே எண்ணப்பட்டனர். ஆண்டுக்கு ஒரு முறை சொல்லப்பட்ட இவ்வேண்டுதலுக்கு அப்பால் யூதர்களைத் தனியாக நினைவுகூர வேண்டும் என்ற கருத்து 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. புக்கானனும் அவரையொத்தவர்களும் முன்வைத்த காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, நன்றிக்கடன். கிறித்தவர்கள் ஓதும் சங்கீதங்களும் தீர்க்கதரிசன நூல்களும் யூதர்களால் எழுதப்பட்டு யூதர்களால் காக்கப்பட்டவை. இயேசுவும் அவருடைய முதற் சீடர்களும் யூதர்களே.

இரண்டாவது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9 முதல் 11 வரையிலான அதிகாரங்கள். தம் இனத்தாருக்காகப் பவுல் மன்றாடியதையும், யூதரல்லாத கிறித்தவர்கள் யூதம் என்னும் ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளைகளே ஆதலால் பெருமை பாராட்டலாகாது என்பதையும் இவை கூறுகின்றன.

மூன்றாவது, தாயகம் பற்றிய எதிர்பார்ப்பு. எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டுமாறு 122 ஆம் சங்கீதம் அழைக்கிறது. சிதறிய யூதர் மீண்டும் தம் நாட்டுக்குத் திரும்புவர் எனத் தீர்க்கதரிசிகள் கூறியதைப் புக்கானன் எழுத்துப்படியே நம்பினார். கீழை நாடுகளில் தாம் சந்தித்த யூதர்களிடமும் எருசலேமுக்குத் திரும்பும் நம்பிக்கை உயிரோடு இருந்ததாக எழுதினார்.

நான்காவது, கழிவிரக்கம். கிறித்தவ நாடுகள் யூதர்களுக்கு இழைத்த கொடுமைகளே அவர்களைக் கிறித்துவிடமிருந்து விலக்கின என்ற உணர்வு இக்காலத்தில் சிலரிடம் தோன்றியது.

இவை யாவற்றுக்கும் பின்னால், யூதர்கள் கிறித்தவத்தை ஏற்க வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. புக்கானன் அதை மறைக்கவில்லை.

இங்கிலாந்து திரும்பியபின்

1808 இல் இந்தியாவை விட்டு நீங்கிய புக்கானன், 1809 பெப்ரவரி 26 இல் பிரிஸ்டல் நகரில் கீழ்த்திசை நாடுகளில் கிறித்தவம் பற்றி ஆற்றிய சொற்பொழிவு பலரை ஈர்த்தது. பின்னாளில் பர்மாவில் பணியாற்றிய அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன் இதைப் படித்தே சமயப் பணிக்குத் திரும்பினார். 1811 இல் வெளிவந்த ஆசியாவில் கிறித்தவ ஆய்வுகள் என்னும் நூல் பல பதிப்புகளைக் கண்டது. அந்நூலில் யூதர்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு.

1809 இல் இலண்டனில் யூதரிடையே கிறித்தவத்தைப் பரப்புவதற்கான சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கம் புதிய ஏற்பாட்டை எபிரேயத்தில் வெளியிட வேண்டும் எனப் புக்கானன் வலியுறுத்தினார். தமிழருக்குத் தமிழில் கிடைத்த நூல், அதில் வரும் மாந்தரின் சொந்த இனத்துக்கு அவர்தம் மொழியில் கிடைக்காதிருப்பது முறையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். அம்மொழிபெயர்ப்பு 1817 இல் முழுமை பெற்றது. புக்கானன் அதைக் காணவில்லை. சிரிய மொழிப் புதிய ஏற்பாட்டின் அச்சுப் பணியை மேற்பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது 1815 பெப்ரவரி 9 இல் பிராக்ஸ்போர்ன் என்னும் ஊரில் தமது 48 ஆம் வயதில் காலமானார்.

விமர்சனங்கள்

பூரி ஜெகந்நாதர் தேர்த்திருவிழாவைப் பற்றிப் புக்கானன் எழுதியவை மிகைப்படுத்தப்பட்டவை என்றும், இந்து சமயத்தைப் பற்றி மேல்நாட்டில் தவறான எண்ணத்தை விதைத்தன என்றும் அவர் காலத்திலேயே கண்டனம் எழுந்தது. கொச்சியில் அவர் கையெழுத்துப் படிகளைச் சேகரித்த முறையும் கேள்விக்குரியது. ஆளும் கம்பனியின் குரு ஒருவர் கேட்கும்போது, சிறு சமூகம் ஒன்று எவ்வளவு விருப்பத்துடன் தன் நூல்களை அளித்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

யூதருக்கான மன்றாட்டைப் பற்றியும் இருவகை விமர்சனம் உண்டு. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட வேண்டுதலை யூதர்கள் அன்பின் அடையாளமாக ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் யூதர் மீதான பழைய குற்றச்சாட்டைக் கைவிட்டது. 1970 இல் பெரிய வெள்ளி மன்றாட்டையும் மாற்றியமைத்தது. மறுபுறம், அதே மண்ணில் தலைமுறைகளாக வாழும் பாலத்தீனக் கிறித்தவர்கள், எருசலேமின் சமாதானத்துக்கான மன்றாட்டில் தங்களுக்கும் நீதி வேண்டப்பட வேண்டும் என்கின்றனர். அந்நாட்டில் வாழ்ந்த அரபு மக்களைப் பற்றிப் புக்கானன் போன்றோர் அதிகம் சிந்திக்கவில்லை.

பிற்காலம்

புக்கானன் ஆதரித்த சங்கம் 19 ஆம் நூற்றாண்டில் எருசலேமில் பணியாற்றி, 1849 இல் அங்கே கிறித்து ஆலயத்தைத் திறந்தது. யூதர் தாயகம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் பரவியது, 1917 ஆம் ஆண்டு பால்பர் அறிக்கைக்கான சூழலை உருவாக்கிய காரணிகளுள் ஒன்று என வரலாற்றாய்வாளர் கருதுவர். இஸ்ரேல் நாடு 1948 மே 14 இல் அறிவிக்கப்பட்டது. இந்தியா அதை 1950 இல் அங்கீகரித்தது.

கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் 1950களின் நடுப்பகுதிக்குள் இஸ்ரேலில் குடியேறினர். நெகேவ் பாலைவனப் பகுதியிலுள்ள நெவாதிம் அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்று. தாயகம் திரும்புவர் என்ற புக்கானனின் எதிர்பார்ப்பு அவர்களைப் பொறுத்தவரை நிறைவேறியது. அவர்கள் கிறித்தவர்களாக அல்ல, தம் முன்னோரின் சமயத்தைக் கைவிடாத யூதர்களாகவே சென்றனர். மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடம் இன்றும் உள்ளது. அவர்களின் முன்னோர் எழுதிய தோல் சுருளும் எபிரேயப் புதிய ஏற்பாடும் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.