சீதனப் பணத்தில் ஓடிய முதல் கார்

பென்ஸ் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் வாழ்க்கை

வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம். அந்தச் சின்னத்தைத் தாங்கிய கார் தெருவில் வந்தால், உள்ளே யாரோ பெரிய மனிதர் இருக்கிறார் என்று எண்ணுவோம். பென்ஸ் கார் என்பது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது.

அந்தக் காரின் முழுப் பெயர் மெர்சிடிஸ் பென்ஸ். மெர்சிடிஸ் என்பது ஒரு சிறுமியின் பெயர். நட்சத்திரம் இன்னொரு கம்பெனியின் சின்னம். பென்ஸ் என்பதுதான் காரைக் கண்டுபிடித்தவரின் பெயர்.

யார் அந்த பென்ஸ்? அவர் மாளிகையில் பிறந்தவரா? இல்லை. ரயில் ஓட்டுபவரின் மகன். தகப்பனை இழந்து, தாயின் உழைப்பில் படித்தவர். பட்டறை வைத்துக் கடனில் மூழ்கியவர். அவரைக் கரையேற்றியது ஒரு பெண்ணின் சீதனப் பணம்.

விதவைத் தாயின் மகன்

ஜெர்மனியின் தென்மேற்கில் கார்ல்ஸ்ரூ என்ற நகரம் இருக்கிறது. அதை ஒட்டிய மூல்பர்க் என்ற ஊரில் 1844ம் ஆண்டு நவம்பர் 25ந் தேதி கார்ல் பென்ஸ் பிறந்தார்.

தகப்பனார் ரயில் என்ஜின் டிரைவர். கார்லுக்கு 2 வயது ஆகும் முன்பே அவர் நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. தாயார் ஜோசபின் கலங்கவில்லை. பாடுபட்டு மகனைப் படிக்க வைத்தார்.

சிறுவன் கார்ல் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரன். 15 வயதில் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். 19 வயதில் என்ஜினீயர் ஆனான்.

பிறகு 7 ஆண்டுகள் பல இடங்களில் வேலை பார்த்தார். ரயில் என்ஜின் செய்யும் தொழிற்சாலை, தராசு செய்யும் கம்பெனி, பாலம் கட்டும் கம்பெனி என்று மாறி மாறி உழைத்தார். எங்கே போனாலும் அவர் மனதில் ஓர் ஆசை சுழன்றுகொண்டே இருந்தது. குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அந்த ஆசை.

பெர்த்தா வந்தார்

1871ல் மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். தொடங்கிய சிறிது காலத்திலேயே தகராறு வந்தது. கூட்டாளியை நம்பித் தொழில் நடத்த முடியவில்லை. அவருடைய பங்கைப் பணம் கொடுத்து வாங்கினால்தான் பட்டறை நிலைக்கும். பென்சிடம் பணம் இல்லை.

அப்போது அவருக்கு ஒரு பெண்ணுடன் திருமணம் நிச்சயம் ஆகியிருந்தது. அவர் பெயர் பெர்த்தா ரிங்கர். போர்ஸ்ஹைம் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் 1849ல் பிறந்தவர். அவர் பிறந்தபோது, மறுபடியும் பெண்ணாகப் போயிற்றே என்ற வருத்தத்தைக் குடும்ப பைபிளில் எழுதி வைத்திருந்தார்களாம். அதைப் பெர்த்தா பிற்பாடு படித்து மனம் நொந்ததாகச் சொல்வார்கள்.

அந்தப் பெண்தான் கை கொடுத்தார். கல்யாணத்தின்போது கிடைக்கவேண்டிய சீதனத்தை முன்கூட்டியே வாங்கி, வருங்காலக் கணவரிடம் கொடுத்தார். கூட்டாளி விலகினார். பட்டறை பிழைத்தது.

கல்யாணத்துக்கு முன்பே கொடுத்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. அக்கால ஜெர்மன் சட்டப்படி, திருமணமான பெண்ணின் சொத்து கணவரின் அதிகாரத்துக்குப் போய்விடும். தொழிலில் தாமே பணம் போடும் உரிமை அவளுக்கு இருக்காது. பெர்த்தா கன்னிப் பெண்ணாக இருந்தபோதே, தாமாக முடிவு செய்து, தம் பணத்தைப் போட்டார்.

1872ல் திருமணம் நடந்தது. அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறந்தன. தொழிலோ நொடித்தது. வியாபாரம் மந்தம். கடன்காரர்கள் நெருக்கினார்கள். பட்டறையின் கருவிகளே கைவிட்டுப் போகும் நிலை வந்தது.

புத்தாண்டு இரவு

என்ஜின் ஒன்று செய்து விற்றால் கடனை அடைக்கலாம் என்று பென்ஸ் கணக்குப் போட்டார். நான்கு வீச்சு என்ஜினுக்கு நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் பேட்டண்ட் உரிமை வாங்கி வைத்திருந்தார். அதைப் பிறர் செய்யக்கூடாது. அதனால் பென்ஸ் இரண்டு வீச்சு என்ஜினைச் செய்ய முனைந்தார். பல நாள் போராடியும் அது ஓடவில்லை.

1879ம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி. இரவுச் சாப்பாடு முடிந்தது. இன்னும் ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று பெர்த்தா கணவரை அழைத்தார். இருவரும் பட்டறைக்குப் போனார்கள். பென்ஸ் என்ஜினைச் சுழற்றினார். அது ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது. கணவனும் மனைவியும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். நள்ளிரவில் புத்தாண்டு மணி ஒலித்தபோது, தங்களுக்காகவே அது ஒலிப்பதுபோல அவர்களுக்குத் தோன்றியது.

என்ஜின் விற்றது. பணம் போட ஆட்கள் வந்தார்கள். 1882ல் ஒரு கம்பெனி உருவானது. அதில் பென்சுக்குக் கிடைத்த பங்கு நூற்றுக்கு 5 மட்டுமே! அவருடைய யோசனைகளையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு ஆண்டே அதைவிட்டு வெளியேறினார்.

1883ல் புதிய கூட்டாளிகளுடன் பென்ஸ் கம்பெனி பிறந்தது. தொழிற்சாலைகளுக்கான என்ஜின்களைச் செய்து விற்றார்கள். வருமானம் வந்தது. தம் பழைய ஆசையில் இறங்கப் பென்சுக்கு இப்போதுதான் நேரமும் கிடைத்தது.

மூன்று சக்கர வண்டி

1885ல் வண்டி தயாரானது. அதற்கு மூன்றே சக்கரங்கள். சைக்கிள் சக்கரம்போல் கம்பிகள் கொண்டவை. முன்னால் ஒரு சக்கரம். பின்னால் இரண்டு. ஓட்டுபவர் ஒரு சிறிய கைப்பிடியைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும்.

என்ஜின் பின்பக்கம் இருந்தது. அதில் ஒரே ஒரு சிலிண்டர். எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகும். மின்சாரப் பொறி பட்டதும் அது வெடித்து எரியும். அந்த வேகம் உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அந்த அசைவைச் சங்கிலிகள் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். சக்தி ஒரு குதிரைக்கும் குறைவு. முக்கால் குதிரை சக்திதான். வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். இன்று சைக்கிளில் போகும் பையன்கூட அந்த வேகத்தில் போவான்.

1886ம் ஆண்டு ஜனவரி 29ந் தேதி அந்த வண்டிக்குப் பென்ஸ் பேட்டண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டார். எண் 37435. மோட்டார் காரின் பிறப்புச் சான்று என்று அந்தப் பத்திரத்தை உலகம் சொல்கிறது. அதே ஆண்டு ஜூலை 3ந் தேதி மான்ஹைம் தெருவில் வண்டியை எல்லோரும் பார்க்க ஓட்டிக்காட்டினார்.

ஆனால் வாங்குவதற்கு ஆள் வரவில்லை. புகையும் சத்தமுமாக ஓடும் அந்த வண்டியை ஜனங்கள் நம்பவில்லை. பென்சுக்கோ எதிலும் திருப்தி வராது. இந்தத் திருகை மாற்றவேண்டும், அந்தக் குழாயை மாற்றவேண்டும் என்று பட்டறையிலேயே கிடந்தார். வண்டியைச் செய்யத் தெரிந்தவருக்கு அதை ஊரறியச் செய்யத் தெரியவில்லை.

கணவருக்குத் தெரியாமல்!

1888ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பள்ளிக்கூட விடுமுறை. ஒருநாள் விடியற்காலையில் பெர்த்தா எழுந்தார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெர்த்தா தம் மகன்கள் ஆய்கன், ரிச்சர்டு இருவரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஆய்கனுக்கு 15 வயது. ரிச்சர்டுக்கு 13 வயது. என்ஜின் சத்தம் பென்சை எழுப்பிவிடக் கூடாது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு ஓட்டினார்கள்.

போன இடம், போர்ஸ்ஹைமில் உள்ள தாய்வீடு. தூரம் சுமார் 106 கிலோமீட்டர். அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனது கிடையாது.

வழியில் வந்த தொல்லைகள் கொஞ்சமா! எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துப் பெர்த்தா அடைப்பை நீக்கினார். மின்சாரக் கம்பி உரசிப் பழுதானது. காலுறையைக் கட்டும் ரப்பர்ப் பட்டையை எடுத்து அதில் சுற்றினார். சங்கிலி தளர்ந்தது. கொல்லர் ஒருவர் சரிசெய்தார். மேட்டில் ஏற என்ஜினுக்குச் சக்தி போதவில்லை. மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி, கட்டைகளில் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். என்ஜின் சூடாகும்போதெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றினார்கள்.

எண்ணெய் தீர்ந்தது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் நிறுத்தினார். துணிக் கறை போக்குவதற்காக விற்ற லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடை இன்று புகழப்படுகிறது.

பொழுது சாயும் நேரத்தில் தாய்வீடு போய்ச் சேர்ந்தார்கள். நல்லபடியாக வந்துவிட்டோம் என்று பெர்த்தா கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாட்கள் கழித்து அதே வண்டியில் வீடு திரும்பினார்.

அந்தப் பிரயாணத்தால் இரண்டு பலன் கிடைத்தது. வழியில் வண்டியைப் பார்த்தவர்கள் வாய்க்கு வாய் பேசினார்கள். வண்டியின் குறைகளும் தெரிந்தன. மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று பெர்த்தா சொன்னார். பென்ஸ் அதைச் செய்தார். அதே ஆண்டு முனிச் நகரப் பொருட்காட்சியில் பென்சுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

உச்சமும் சரிவும்

அதன்பிறகு வியாபாரம் வளர்ந்தது. பாரிசில் ஒரு வியாபாரி பென்ஸ் வண்டிகளை வாங்கி விற்றார். 1893ல் நான்கு சக்கர வண்டி வந்தது. 1894ல் வேலோ என்ற சிறிய கார் வந்தது. அதில் மட்டும் சுமார் 1,200 வண்டிகள் செய்தார்கள். 1900ம் ஆண்டில் பென்ஸ் கம்பெனி செய்த கார்கள் 603. அன்று உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி அதுதான்.

ஆனால் போட்டிக்கு ஆள் இருந்தார். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், கான்ஸ்டாட் என்ற ஊரில், காட்லீப் டைம்லர் என்ற என்ஜினீயரும் 1886ல் நான்கு சக்கர மோட்டார் வண்டி செய்திருந்தார். பென்சும் டைம்லரும் ஒருநாளும் நேரில் பேசிக்கொண்டதில்லை என்று சொல்கிறார்கள்.

டைம்லர் 1900ல் இறந்தார். அவர் கம்பெனியின் கார்களை எமில் ஜெலினெக் என்ற பணக்காரர் வாங்கி விற்றுவந்தார். வேகமான கார் ஒன்று வேண்டும், அதற்குத் தம் மகள் மெர்சிடிஸின் பெயரை வைக்கவேண்டும் என்று கேட்டார். அப்படிப் பிறந்த மெர்சிடிஸ் கார், 1901ல் பந்தயங்களில் பறந்தது. அதன் சக்தி 35 குதிரை. பென்ஸ் கார்கள் அதன் முன்னால் பழைய வண்டிகளாகத் தெரிந்தன. விற்பனை சரிந்தது.

கம்பெனி நிர்வாகிகள் பயந்தார்கள். பிரான்சிலிருந்து என்ஜினீயர்களைக் கொண்டுவந்தார்கள். வேகமே பெரிது என்ற போக்கு பென்சுக்குப் பிடிக்கவில்லை. 1903ல் தம் பெயர் தாங்கிய கம்பெனியைவிட்டே வெளியேறினார். பிறகு மேற்பார்வைக் குழுவில் மட்டும் இடம் பெற்றார். லாடன்பர்க் என்ற சிறிய ஊரில் குடியேறி, 1906ல் மகன்களுடன் ஒரு கம்பெனி தொடங்கினார்.

பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. யுத்தத்துக்குப்பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு பாதாளத்துக்குப் போயிற்று. தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்று இரண்டு போட்டிக் கம்பெனிகளும் 1926ல் ஒன்றாக இணைந்தன. டைம்லரின் நட்சத்திரத்தைச் சுற்றிப் பென்சின் வாகை மாலை. மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயர் அப்படி உண்டானது. அப்போது கார்ல் பென்சுக்கு 81 வயது.

1929ம் ஆண்டு ஏப்ரல் 4ந் தேதி, லாடன்பர்க் வீட்டில் அவர் காலமானார்.

பெயரின் மேல் விழுந்த கறை

பெரிய பெயருக்குக் கறையும் உண்டு. இட்லர் ஆட்சியில் அந்தக் கம்பெனி யுத்தத் தளவாடங்களைச் செய்தது. அயல்நாட்டவரும் சிறைமுகாம் கைதிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே கட்டாய வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். கம்பெனி இதைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. 1988ல் நஷ்ட ஈட்டுக்காக 2 கோடி மார்க் கொடுத்தது. கார்ல் பென்ஸ் அந்தக் காலத்தைப் பார்க்கவில்லை. பெர்த்தா அந்த யுத்தத்தின் நடுவே, 1944ம் ஆண்டு மே மாதம், 95 வயது நிறைந்த இரண்டாம் நாள் கண் மூடினார்.

நம் நாட்டுச் சாலைகளுக்கும் அந்தப் பெயர் பழக்கமானதே. 1954 முதல் 15 ஆண்டுகள், டாட்டா கம்பெனி அவர்களுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்தது. 2012 முதல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் பாரத் பென்ஸ் லாரிகள் தயாராகி வருகின்றன.

1998ல் தாய்க் கம்பெனியின் பெயரிலிருந்து பென்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 2022ல் மறுபடியும் சேர்த்தார்கள். பெர்த்தா ஓட்டிச் சென்ற பாதைக்கும் 2008ல் அவர் பெயரையே வைத்தார்கள். இன்று மான்ஹைமிலிருந்து அந்த வழியாக யாரும் போய்வரலாம்.

கார்ல் பென்ஸ் முதுமையில் தம் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். வாழ்க்கைப் படகு கவிழ இருந்த நாட்களில் தம்முடன் நிலையாக இருந்தவர் மனைவி ஒருவர்தான் என்று அதில் எழுதி வைத்தார். சீதனம் கொடுத்ததையும், வண்டியை எடுத்துக்கொண்டு போனதையும் அவர் மறக்கவில்லை. காரின் முகப்பில் பெர்த்தாவின் பெயர் தனியாக இல்லை. ஆனால் பென்ஸ் என்பது அவருடைய பெயரும்தானே!