எழுபத்தொன்பது வயதில் குடியுரிமை

கதையைப் பாடல்களாகவே பாடி நடிக்கும் இசை நாடகத்தை ஓப்பரா என்பர். இத்தாலியில் தோன்றிய இக்கலைக்கு இசையமைப்பாளர் எவ்வளவு முக்கியமோ, கதையையும் பாடல்களையும் எழுதும் கவிஞரும் அவ்வளவு முக்கியமானவர். அத்தகைய கவிஞர்களுள் தலைசிறந்த ஒருவர் லொரென்சோ டா பொன்டே.

இவர் 1749ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், அன்றைய வெனிஸ் குடியரசைச் சேர்ந்த செனெடா என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். இவருக்குப் பதினான்கு வயதானபோது, தந்தை தம் பிள்ளைகளோடு கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அப்போது அவ்வூர் ஆயரின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. ஆயரின் உதவியால் சமயக் கல்லூரியில் பயின்று, பாதிரியாராகவும் ஆசிரியராகவும் ஆனார். இலத்தீன் மொழியிலும் இத்தாலியக் கவிதையிலும் ஆழ்ந்த புலமை பெற்றார். ஆயினும், அவரது வாழ்க்கை ஒரு பாதிரியாருக்கு ஏற்றதாக அமையவில்லை. பல குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி, 1779இல் வெனிஸிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு வெளியேற்றப்பட்டார்.

சொந்த மண்ணை இழந்த டா பொன்டேவுக்கு அவரது எழுத்தே கைகொடுத்தது. வியன்னா நகரை அடைந்த அவரைப் பேரரசர் இரண்டாம் ஜோசப், 1783இல் இத்தாலிய நாடக அரங்கின் கவிஞராக நியமித்தார். அங்கேதான் இசைமேதை மோசார்ட்டின் நட்பும் கிட்டியது. இருவரும் இணைந்து படைத்த 'ஃபிகரோவின் திருமணம்', 'டான் ஜொவானி', 'கோசி ஃபான் தூட்டே' ஆகிய மூன்று ஓப்பராக்களும் இன்றளவும் உலகெங்கும் அரங்கேறி வருகின்றன.

1790இல் பேரரசர் மறைந்தார். அடுத்த ஆண்டே டா பொன்டே பதவியை இழந்தார். பின்னர் லண்டனுக்குச் சென்று அங்குள்ள ஓப்பரா அரங்கில் பணியாற்றினார். ஆனால், பிறர் வாங்கிய கடனுக்குப் பொறுப்பேற்றதால் பெருங்கடனாளி ஆனார். கடன்காரர்களின் தொல்லை பொறுக்க முடியாமல், 1805இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி நான்சியும் பிள்ளைகளும் அதற்கு முன்பே அங்குச் சென்றிருந்தனர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

புதிய நாட்டில் அவரை அறிந்தவர் மிகச் சிலரே. இத்தாலிய ஓப்பராவை நாடுவோரும் அங்கு இல்லை. பேரரசரின் அரங்கிற்கு எழுதிய கவிஞர், குடும்பத்தைக் காப்பாற்ற மளிகைக் கடை வைத்தார். வணிகத்தில் அவருக்கு இழப்பே மிஞ்சியது. எனினும், தம் தாய்மொழியை மட்டும் அவர் கைவிடவில்லை. நியூயார்க்கில் இளையர்களுக்கு இத்தாலிய மொழியும் இலக்கியமும் கற்பித்தார். இத்தாலிய நூல்களை வரவழைத்து விற்றார். அவரது புலமையை உணர்ந்த கிளமென்ட் மூர் என்னும் அறிஞர் அவருக்குத் துணைநின்றார். அதன் பயனாக, 1825இல் கொலம்பியா கல்லூரியின் முதல் இத்தாலிய மொழிப் பேராசிரியரானார். கல்லூரி ஊதியம் எதுவும் தரவில்லை. மாணவர்கள் செலுத்திய கட்டணமே அவரது வருமானம்.

அதே ஆண்டில் கார்சியா என்னும் பாடகரின் குழு நியூயார்க்குக்கு வந்து இத்தாலிய ஓப்பராக்களை நடத்தியது. 1826இல் அக்குழு 'டான் ஜொவானி'யையும் அரங்கேற்றியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய வரிகளை, முதியவரான டா பொன்டே தாம் குடியேறிய நாட்டின் மேடையில் கேட்டார்.

1828ஆம் ஆண்டு, தமது எழுபத்தொன்பதாம் வயதில் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பல நாடுகளில் அலைந்து திரிந்தவர் இறுதியாக ஒரு நாட்டைத் தம் நாடாக ஏற்றுக்கொண்டார். அதற்காகத் தம் மொழியையும் கலையையும் அவர் துறக்கவில்லை. அவற்றையே புதிய தாயகத்திற்குத் தாம் தரும் கொடையாகக் கருதினார். செல்வந்தர்களிடம் ஆதரவு திரட்டி, 1833இல் நியூயார்க்கில் இத்தாலிய ஓப்பரா அரங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். ஓப்பராவுக்கென்றே அமெரிக்காவில் எழுப்பப்பட்ட முதல் அரங்கம் அதுவே. ஆனால், வரவைவிடச் செலவு மிகுந்ததால், சில ஆண்டுகளிலேயே அது பிறர் கைக்கு மாறியது.

1838ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதில் டா பொன்டே காலமானார். மறு ஆண்டு அந்த அரங்கமும் தீக்கிரையானது. ஆயினும், அவர் ஊன்றிய விதை அழியவில்லை. இன்று நியூயார்க் உலகின் முன்னணி ஓப்பரா நகரங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. அவர் கற்பித்த கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்து, இத்தாலிய மொழியைத் தொடர்ந்து கற்பித்து வருகிறது. தாய்மொழியைப் போற்றியபடியே புதிய நாட்டையும் நேசிக்க முடியும் என்பதற்கு டா பொன்டேயின் வாழ்க்கை நல்ல சான்றாகும்.